சூப்பர்வைசர் ஜெயித்த வீடு

ஊஞ்சலை விற்றது தப்பு என்று சூப்பர்வைசருக்கு உறைத்தபோது மணி பதினொன்று. அதற்குள் பன்னிரண்டு டீ கப்புகள், ஒரு புத்தக அலமாரி, குளத்தங்கரை நாற்காலி எல்லாம் கைமாறியிருந்தன.

எல்லாம் டேப்லெட்டுக்குள் நடந்த வியாபாரம்தான். ஆனால் அது பள்ளிக்கூடம் போயிருக்கிற அவருடைய ஏழு வயது மகளின் டேப்லெட்.

அவர் பல்பு தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசர். நிமிஷத்துக்கு எத்தனை பெட்டி என்று எண்ணி எண்ணி, வீட்டிலும் அதே புத்தி. மகள் ஷூ மாட்ட எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறாள் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். அன்றைக்கு மெஷின் பழுது என்று பேக்கிங்காரர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் வர மாலையாகும். வீட்டில் அவரும் மாமனாரும் மட்டும்.

மாமனார் முப்பது வருஷம் ஜெயிலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொண்டையைச் செருமினால் அடுப்பில் பொங்கப் போகிற பால்கூட ஒரு நிமிஷம் யோசிக்கும். ஒரு நாளைக்கு மொத்தம் இருபது வார்த்தை பேசுவார். அதில் பாதி கதவைச் சாத்தச் சொல்வதற்கு.

காலையில் பொழுது போகாமல் சோபாவில் கிடந்த டேப்லெட்டைத் திறந்தார் சூப்பர்வைசர். திரையில் ஒரு வீடு வந்தது. மாடி, தோட்டம், சின்னக் குளம். குளத்தைப் பார்த்தாற்போல ஒரு நாற்காலி. சிவப்புக் குடை பிடித்த ஓர் அம்மா ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நாய். விரலால் தொட்டால் அந்த அம்மா குடையைச் சுற்றினாள். இன்னொரு தடவை தொட்டால் இன்னொரு தடவை சுற்றினாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஸ்கோர் எங்கே என்று திரையின் நாலு மூலையிலும் தேடினார். காணோம்.

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் பேப்பரைத் தாழ்த்தினார். "குழந்தையோடதை ஏன் நோண்டுறீங்க, மாப்பிள்ளை?"

"நோண்டல மாமா. என்ன கேம்னு பாக்கறேன். எப்படி ஜெயிக்கிறதுன்னே தெரியல."

"ஜெயிக்கிறதுக்கு அது கேம் இல்ல. பொம்மை."

"ஜெயிக்க ஒண்ணுமே இல்லன்னா அப்புறம் எதுக்கு மாமா அதை வச்சிக்கிட்டு உக்காரணும்?"

மாமனார் பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார். அன்றைய ஒதுக்கீட்டில் பாதி தீர்ந்துவிட்டது என்று சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார்.

ஓரத்தில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருந்தது. தொட்டார். 'பொம்மை', 'போட்டி' என்று இரண்டு பொத்தான்கள் வந்தன. ஏழு வயதுக் குழந்தைக்கு இரண்டாவது பொத்தான் தெரிந்திருக்காது, பாவம், நாம் கொஞ்சம் முன்னேற்றிக் கொடுப்போம் என்று அதை அமுக்கினார்.

எக்காளம் ஊதியது. மூலையில் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது. 'நட்சத்திரங்கள்: பூஜ்யம். வீட்டில் பயனில்லாத பொருள்கள்: இருநூற்றுப் பன்னிரண்டு. விற்கலாமா?'

அவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. விற்றார். ஒரே மணி நேரத்தில் நாலாவது கட்டத்துக்கு ஏறிவிட்டார். 'இந்த வாரத்தின் சிறந்த வீடு' என்று ஒரு கோப்பை கிடைத்தது. வீட்டுக்குள் சுவரையும் அந்தக் கோப்பையையும் தவிர வேறு எதுவும் இல்லை.

அப்போதுதான் குடைக்கார அம்மாவைக் கவனித்தார். ஊஞ்சல் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். குடை மடங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் நாலு மணிக்கு வருவாள்.

ஊஞ்சலைத் திரும்ப வாங்கப் போனார். முப்பது நட்சத்திரத்துக்கு விற்றதை இப்போது தொள்ளாயிரம் என்றது கடை. நட்சத்திரம் சேர்க்க மாடியைக் குடித்தனம் விட்டார். குடிவந்தவர்கள் மேளக்காரர்கள். அவர்கள் அடித்த முதல் அடியிலேயே நாய் கேட்டைத் தாண்டி ஓடிப்போனது. நாயைப் பிடிக்க 'நண்பர்களை உதவிக்கு அழையுங்கள்' என்று ஒரு பொத்தான் மினுங்கியது. அமுக்கினார்.

அது மனைவி முன்பு வைத்திருந்த டேப்லெட் என்பது, இரண்டே நிமிஷத்தில் அவளிடமிருந்து போன் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

"என்னங்க இது? 'என் நாய் ஓடிப்போச்சு, உடனே வீட்டுக்கு வாங்க'ன்னு என் பேர்ல எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கு. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வேணும்னா லீவு எடுத்துக்கோம்மான்னு ஆறுதல் சொல்றார். நமக்கு ஏதுங்க நாய்?"

சூப்பர்வைசரின் வாயிலிருந்து, அவரைக் கேட்காமலே ஒரு பதில் வந்தது. "குட்டி எதையாவது அமுக்கியிருப்பா."

"அவ ஸ்கூல்ல இல்ல இருக்கா?"

"காலையில அமுக்கியிருப்பா. இப்பத்தான் போய்ச் சேர்ந்திருக்கு."

"வரட்டும் அவ. ஒரு வாரத்துக்கு டேப்லெட்டைத் தொடக் கூடாது, சொல்லிடுங்க."

"அவ சின்னப் பிள்ளை, போனாப் போகுது" என்று பெரிய மனசு பண்ணினார் சூப்பர்வைசர்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மாமனார் பேப்பரை முழுசாக மடித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசருக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருஷமாகப் பொய் சொல்கிறவர்களையே பார்த்த கண் அது. அதன் முன்னால், பெற்ற குழந்தை மேல் பழி போட்டுவிட்டு நின்றார்.

"சாப்பிடலாமா மாமா?" என்றார் மெதுவாக.

"பசிக்கல."

மாமனார் மத்தியானச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. சூப்பர்வைசரும் தன் தட்டை மூடி வைத்தார். மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சோபாவுக்குப் பின்புறம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஜெயிலில் ராத்திரி ரோந்து இப்படித்தான் இருந்திருக்கும்.

கூச்சத்தை விட்டுத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டார் சூப்பர்வைசர். மெஷினைப் பழுது பார்க்கும் சத்தம் பின்னால் கேட்டது.

"போட்டியிலருந்து பழையபடி பொம்மைக்கு வரணும்னா சார், வீட்டைக் காலி பண்ணச் சொல்லும். பண்ணிப் பாருங்க. பழையது எங்கயாவது பத்திரமா இருந்தா தானா வந்துடும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி வராது சார்."

பின்னாலிருந்து "வேணாம்" என்றது ஜெயிலர் குரல். அந்தக் குரலின் அதிர்ச்சியிலேயே சூப்பர்வைசரின் விரல் பொத்தானில் பட்டுவிட்டது.

வீடு போயிற்று. மேளக்காரர்கள், கோப்பை, குடைக்கார அம்மா எல்லோரும் போய், வெறும் பச்சைத் தரை மட்டும் இருந்தது. 'வாழ்த்துகள். புது வீட்டைத் தொடங்கலாமா? தினமும் ஒரு பொருள் பரிசாகக் கிடைக்கும்.'

கணக்கு அவருக்குத் தானாக ஓடியது. தினம் ஒன்று. இருநூற்றுப் பன்னிரண்டு பொருள். ஏழு மாதம். ஏழு மாதமாக ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே வைக்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறது குழந்தை. அதை ஒரு முற்பகலில் விற்றுத் தின்றாயிற்று. போதாததற்கு அவள் பெயரையும் கெடுத்தாயிற்று.

சோபா அமுங்கியது. மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அது முதல் தடவை.

"இன்னைக்கு என்ன பொருள் வந்திருக்கு?" என்றார்.

"ஒரு நாற்காலி மாமா."

"குளத்தைப் பாத்தாப்ல இருந்துச்சு."

"குளமே இல்லையே மாமா."

"குளம் இருந்த இடத்தைப் பாத்தாப்ல வைங்க."

சூப்பர்வைசர் வைத்தார். மாமனார் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றார். நகர்த்தினார். வெறும் புல்வெளியில் ஒற்றை நாற்காலி. ஜெயிலர் கண்ணுக்கு எதுவும் தப்பாது போலிருக்கிறது, பேத்தியின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்ததையெல்லாம் இப்படி ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார். மாமனார் திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் தாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா."

"என்கிட்ட எதுக்கு?" என்று சட்டென்று எழுந்துபோய், மாமனார் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். அன்றைக்கு மட்டும் அவர் விநாடி எண்ணவில்லை. அவளுக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"குட்டி, அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன்டா."

"ம்."

"உன் டேப்லெட்ல இருந்த வீட்டை எடுத்து விளையாடிட்டேன். எல்லாத்தையும் வித்துட்டேன். ஊஞ்சல் போச்சு, நாய் போச்சு, குடை வச்ச அம்மாவும் போயிட்டாங்க. அப்புறம் அம்மா போன் பண்ணப்போ, நீதான் பண்ணேன்னு பொய் சொல்லிட்டேன். அம்மா வந்ததும் உண்மையைச் சொல்லிடறேன். உனக்குக் கோவம் வந்தா அப்பாவை அடிச்சிக்கோ."

மகள் இன்னொரு ஷூவைக் கழற்றினாள். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. மூடியிருந்த தாத்தாவின் அறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்பாவின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னாள்.

"நான் அதுல கார் ரேஸ்தாம்பா ஆடுவேன். அந்த வீடு தாத்தாவோடது. உனக்குத் தெரிஞ்சா நீ சிரிப்பேன்னு, உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."