ஆவாரங்குட்டையில் நின்ற கூட்ஸ்

ஆவாரங்குட்டை ஸ்டேஷனில் நிற்கக் கூடாத கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது. அதுவும் யுத்த காலத்தில், பட்டாளத்துச் சாமான் ஏற்றிய கூட்ஸ். ஸ்டேஷன் மாஸ்டர் ராஜப்பன் பிளாட்பாரத்துக்கு ஓடி வந்தார். இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி அனுப்பிய மெமோ மேஜைமேல்தான் கிடந்தது.

பச்சைக் கொடி காட்ட வேண்டிய மாரப்பன் சிவப்புக் கொடியோடு நின்றிருந்தான்.

"யாரோ நில்லு நில்லுன்னு கத்துனாங்க. பொகையில ஆளு தெரியலீங்க. சக்கரத்துல யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களோன்னு கொடிய மாத்திட்டனுங்க."

ராஜப்பன் குனிந்து பார்த்தார். சக்கரத்தில் யாருமில்லை. ஒரு ஆளாவது மாட்டியிருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது. நல்ல மனுஷர்தான், ஆனால் வேலை போகப்போகிற மனுஷர்.

அதற்குள் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு நூர் பாஷா நோட்டுப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார்.

"எதுக்கு நிறுத்துனீங்க? காரணம் எழுதணும்."

"ஏழாவது பெட்டியில பொக வந்துச்சுங்க" என்றார் ராஜப்பன். எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது.

பாஷாவின் முகம் வெளுத்தது. ஏழாவது பெட்டி நிறைய பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்கான வைக்கோல். அணைந்துவிட்டது போலிருக்கிறது என்று ராஜப்பன் மெல்லப் பின்வாங்கினார். வைக்கோல் நெருப்பு அணையாது, உள்ளே அமுங்கிக் கிடக்கும், உடனே நனைக்க வேண்டும் என்றார் பாஷா. சுவரில் தொங்கிய சிவப்பு வாளிகளை எடுத்தார்கள். இரண்டிலும் ஓட்டை.

"தொட்டியத் தெறங்க" என்றார் பாஷா.

ராஜப்பன் தொட்டியை அண்ணாந்து பார்த்தார். ஸ்டேஷனின் ஒரே தண்ணீர்த் தொட்டி அது. தண்ணீர் இறைக்கும் கோவிந்தனின் மாடுகள் கிணற்றில் இரண்டு நாள் கவலை இழுத்தால்தான் நிரம்பும். வேண்டாம் என்றால் புகை பொய் என்று ஆகிவிடும். திறந்தார்.

மாரப்பன் குழாயைப் பிடித்துப் பெட்டியை நனைத்தான். முன்னால் எஞ்சின் இரண்டு முறை ஊதியது. டிரைவர் அவசரப்படுகிறார் என்று ராஜப்பன் இன்னும் வேகமாக ஊற்றச் சொன்னார். அரை மணியில் தொட்டி காலி.

பாஷா பெட்டியைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியானார். மாஸ்டரின் விழிப்பால் வண்டி தப்பியது என்று நோட்டில் எழுதி, வெகுமதிக்கும் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். ராஜப்பனுக்குக் கண் கலங்கியது. உண்மையிலேயே புகை வந்ததாக அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

அப்போது எஞ்சினில் கரி அள்ளிப் போடும் தெலுங்குக்காரர், முகமெல்லாம் கரியோடு பிளாட்பாரத்தில் ஓடி வந்தார். சொட்டிக்கொண்டிருந்த பெட்டியையும் காலித் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏமய்யா, எஞ்சின்ல தண்ணி தீந்துபோச்சுன்னு தூரத்துலேர்ந்தே நீள்ளு நீள்ளுன்னு கத்திக்கினு வந்தேனே, அத்தனையும் வைக்கோலுக்கா ஊத்தினீங்க?"