பள்ளி மைக்கும் பாதி அறிவித்தலும்

உயிரோடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை ஊரறிய மௌத்தாக்கிய பெருமை எனக்கு உண்டு. அதுவும் பட்டப்பகலில், பள்ளிவாசல் மைக்கில். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (வெட்கமாகத்தான் இருந்தது. ஏழு வருடத்தில் தேய்ந்துபோய்விட்டது.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கல்முனைப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை, கையில் ஒரு மோட்டார் சைக்கிள், தலைக்குள் தாங்கமுடியாத அளவு தன்னம்பிக்கை. கூட்டத்தைச் சமாளிக்க என்னை விட்டால் ஊரில் ஆளில்லை என்று மனதார நம்பியிருந்தேன். அந்த வருடம் வெள்ளம் வந்தது. வயல் வட்டையெல்லாம் கடலாகி, கடற்கரை வீதி வீடுகளில் முழங்கால் மட்டும் தண்ணீர் நின்றது. வெள்ளம் வடியத் தொடங்கியதும் பள்ளிவாசலோடு ஒட்டிய மத்ரஸாக் கட்டடத்தில் இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தேன்.

ஊருக்குச் சேவை செய்யத்தான் போனேன் என்று இத்தனை நாளும் சொல்லிவந்திருக்கிறேன். உண்மை வேறு. ஊரில் நிறைய வயல் வைத்திருக்கும் போடியார்களில் ஒருவரான மீராலெப்பை போடியாரின் மகள் ஸமீனாவை எனக்குக் கேட்டு உம்மாவும் வாப்பாவும் போய் வந்து மூன்று வாரமாகியிருந்தது. போடியார் "பார்ப்பம்" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தார். அந்தப் "பார்ப்பம்" என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. போடியாருக்குச் சீனி வருத்தமும் பிறசரும் உண்டு. அவருடைய மருந்துக் குளிசைகளெல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டதாகக் கேள்வி. ஆகவே முகாமுக்கு அவர் வந்தே ஆகவேண்டும். வந்தால் என் திறமையைப் பார்த்தே ஆகவேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

டொக்டர் காரைதீவிலிருந்து வந்த ஒரு பெண். நிதானமானவர், ஆனால் குரலில் பிரம்பு இருக்கும். நோயாளியைப் பார்த்து அவர் மருந்துத் துண்டு எழுதுவார். பின்வாசல் அருகே இருந்த மேசையில் மருந்தைப் பொட்டலம் கட்டுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு அதை உரியவர் கையில் கொடுப்பது என் வேலை.

காலை பத்து மணிக்குள் ஒரு சிக்கல் வந்தது. "மீராலெப்பை!" என்று கூப்பிட்டேன். நாலு பேர் எழும்பி வந்தார்கள். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. நாலுபேரும் ஒரே பொட்டலத்தில் கைவைத்ததுதான் பிரச்சினை. டொக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, வெறும் பேரைக் கூப்பிடாதீங்க. இன்னாற்ற மகன், இன்ன வீதி எண்டு அடையாளம் சொல்லிக் கூப்பிடுங்க. ஒருத்தர்ர குளிசையை மற்றவர் குடிச்சா ஆர் பதில் சொல்றது?"

"என்னட்ட விடுங்க டொக்டர்" என்றேன்.

பதினொரு மணிபோல் போடியார் வந்தார். டொக்டரிடம் காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே எங்கேயோ போய்விட்டார். கட்டடத்துக்குப் பின்னால் சமையல் நடக்கிற இடத்தில் பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பொட்டலம் ரெடி. ஆளைக் காணோம். முகாமில் எனக்குத் தந்திருந்த கைமைக்கும் பெற்றரி இறங்கிச் செத்துக் கிடந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. பள்ளிவாசலில் மட்டும் பாங்கு சொல்வதற்காக ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நேரே பாங்கு சொல்கிற மோதினாரிடம் போனேன்.

"புடிங்க, சொல்லுங்க. சுருக்கமாச் சொல்லுங்க மகன்" என்றார் மோதினார். "எண்ணெய் அடியில கிடக்கு."

சுருக்கமாகவா? என் வருங்கால மாமனாரை, ஊர் முழுக்கக் கேட்கிற மைக்கில், ஏதோ மீன்காரனைக் கூப்பிடுவதுபோல் நான் கூப்பிடுவேனா? தொண்டையைச் செருமிக்கொண்டேன். மரியாதை வேண்டும், அடையாளமும் வேண்டும். பள்ளி மைக்கில் மரியாதையாக, அடையாளத்தோடு பேர் சொல்வதை நான் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு வகையில்தான் கேட்டிருக்கிறேன். அந்த ராகம் தானாகவே வாயில் வந்துவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும். அன்பான ஊர்வாசிகளே! கடற்கரை வீதியைச் சேர்ந்த, மர்ஹூம் ஆதம்பாவா அவர்களின் மூத்த மகனும், நூர்ஜஹான் அவர்களின் அன்புக் கணவரும், ஸமீனாவின் பாசமிகு தந்தையும், எல்லோருடைய நன்மதிப்பையும் பெற்றவருமான மீராலெப்பை போடியார் அவர்கள்..."

டப். ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

"உடனடியாக மருந்து வழங்குமிடத்துக்கு வரவும்" என்பதை நான் மோதினாருக்கு மட்டும் சொல்லி முடித்தேன். அவர் ஜெனரேட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ, எந்தக் குறையும் தெரியவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேசைக்குத் திரும்பினால் பின்வாசலால் போடியார் வருகிறார்! வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ர குளிசை ரெடியா மகன்?" என்றார்.

"கூப்பிட்டது நல்லா விளங்கினதா மாமா?"

"ஓம், ஓம்."

(அவருக்குக் காது மந்தம். விளங்காத எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்பார். இது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது.)

பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, முன்பக்கம் சேறு என்பதால் வந்த வழியாலேயே போனார். வீட்டுக்குப் போகும் முன் மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்த மாடுகளையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார். அவர் என்னை "மகன்" என்று கூப்பிட்டதை நினைத்து நான் மிதந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே நின்ற ஆண்கள் வரிசை மெலிந்தது. பிறகு வரிசையே இல்லை. டொக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, எல்லாருக்கும் ஒரேயடியாச் சுகமாயிற்றா?"

"நான்தான் ஒழுங்குபடுத்தினன் டொக்டர்" என்றேன். அந்த வயதில் அப்படித்தான் கதைப்பேன்.

அப்போது வாப்பா வந்தார். இடுப்பில் மருதமுனைச் சாரன், தலையில் வெள்ளைத் தொப்பி, கலங்கிய கண்.

"வா மகன், போவம். போடியார் மௌத்தாப் போயிட்டார். நம்மட சம்பந்தமும் அவரோட போயிட்டு."

"எப்ப வாப்பா? ஆர் சொன்ன?"

"நீதானடா மைக்ல சொன்ன!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது: பள்ளி மைக்கில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர் என்று ராகம் போட்டுச் சொல்வது மௌத்து அறிவித்தலுக்கு மட்டும்தான்.

"அல்லாஹ்வே! அவர் மௌத்தாகல்ல வாப்பா. இப்பத்தான் என்ர கையால குளிசை குடுத்து அனுப்பினன்!"

வாப்பா அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "என்ன குளிசைடா குடுத்த?" என்றார்.

பெற்ற தகப்பனுக்கே சந்தேகம் வந்தபிறகு அங்கே நின்று விளக்கம் சொல்லிப் பயனில்லை. பொட்டலங்களை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். சேற்றில் இரண்டு தரம் விழுந்தேன். ஸமீனாவைக் கேட்டுப் போன வீட்டில் அவள் தகப்பனுக்கு மௌத்து அறிவித்தவனாகப் போய் நிற்கப்போகிறேன். இனி இந்த ஊரில் எனக்கு யார் பெண் கொடுப்பார்கள்? முதலில், அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

போடியார் வீட்டு வாசலில் நூறு பேர் நின்றார்கள். ஆட்கள் உட்காரக் கதிரைகள் வந்து இறங்கியிருந்தன. மையவாடியில் தண்ணீர் நிற்கிறதே, எங்கே அடக்குவது என்று பெரியவர்கள் சிலர் வேலியோரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம். ஜன்னலில் ஸமீனா, முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வேலிப் படலையால், நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு நீள வாங்கு உள்ளே வந்துகொண்டிருந்தது. முன் நுனியை ஒருவர் பிடித்திருந்தார். பின் நுனியைப் பிடித்திருந்தவர் மீராலெப்பை போடியார்.

பிறகு அவரே சொன்னது இது. மாடுகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வீதியில் வாங்கு இறக்கிக்கொண்டிருந்த ஆளிடம், "ஆரு மௌத்து?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் நிமிர்ந்து பார்க்காமலே, "போடியார் காக்காதான். அந்தப் பக்கம் புடிங்க" என்றிருக்கிறார். அடுத்த வீட்டு வளவிலும் ஒரு போடியார் உண்டு. பாவம் மனுசன், நேற்றும் நல்லாத்தானே இருந்தார் என்று நினைத்துக்கொண்டு இவர் பிடித்திருக்கிறார். வாங்கு தன் படலைக்குள் திரும்பியபோது, அங்கே இடம் போதாமல் தன் வளவிலும் ஆட்களை இருத்துகிறார்கள் என்று நினைத்தாராம்.

"அந்தா நிக்கிறார்! அந்தா!" என்று நான் கத்தினேன். நூறு தலை திரும்பியது. மாமி வெளியே ஓடிவந்து, புருசனைப் பார்த்து, "யா அல்லாஹ்!" என்று அலறி, வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார். (அது எதற்காவது பயன்பட்டது என்று எனக்கு ஒரு திருப்தி.)

அதே நேரம் டிரக்டர் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. ஓட்டிவந்தவர் போடியாரின் தம்பி, இறக்காமத்தில் விவசாயம் செய்பவர். ஒரு முழ வரம்புக்காக எட்டு வருடமாக அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை. போனில் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்த யாரோ ஒருவர் அதை இதற்கென்றே செலவழித்து அவருக்குச் சொல்லியிருக்கிறார். அவர் இருந்த கோலத்தில், பனியனோடு, வெள்ளத்துக்குள்ளால் ஓட்டி வந்திருந்தார். எதையும் பார்க்கவில்லை. டிரக்டரில் இருந்தபடியே வீட்டைப் பார்த்து, அண்ணனைக் கூப்பிட்டுக் கதறினார்.

"காக்கா! நான் பாவி காக்கா! என்ன மன்னிச்சிடு காக்கா!"

"ஓம்டா, மன்னிச்சிட்டன்" என்றார் போடியார், அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "முதல்ல மெஷின நிப்பாட்டு. வேலிய இடிக்கப் போறாய்."

அந்த மனிதர் டிரக்டரிலிருந்து இறங்கினாரா, விழுந்தாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணனைக் கட்டிப்பிடித்தவர் விடவேயில்லை. எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த வாப்பா அழுதார். நானும் அழுதேன். என்னுடையது பாதி பயம்.

எல்லாம் அடங்கியபின் போடியார் என்னைக் கூப்பிட்டார். அறைதான் விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு போனேன். மைக்கில் நான் என்ன சொன்னேன் என்று ஒரு தரம் சொல்லச் சொன்னார். மெல்லச் சொன்னேன். காதில் கையை வைத்துக் கேட்டார்.

"எல்லாருடைய நன்மதிப்பையும் பெற்றவர் எண்டா சொன்ன?"

"ஓம் மாமா."

"மௌத்தாகாத ஆளுக்கு இவ்வளவு சொல்றாய். ம்ம்." தம்பியைப் பார்த்தார். தம்பி இன்னும் அவர் சட்டையைப் பிடித்தபடி நின்றார். "வாப்பாட்டச் சொல்லு, நாளைக்கு வந்து கதைக்கட்டும். ஒண்டு மட்டும் சத்தியம் பண்ணு மகன். இனி இந்த ஊர்ல நீ மைக்கத் தொடப்படாது."

சத்தியம் பண்ணினேன். எங்கள் நிக்காஹ் அன்று நான் "ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்வதற்காக மைக்கை என் வாயருகே கொண்டுவந்தார்கள். மாமா எட்டி அதைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். "சும்மா சொல்லு, எனக்குக் கேட்கும்" என்றார். அவருக்கா கேட்கும்!

எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடித்து நான்தான் அந்த வீட்டுக்குக் குடிபோனேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். பகல் சாப்பாட்டுக்கு மாமாவைக் கூப்பிடுவது என் ஐந்து வயது மகளின் வேலை. சோறு போட்டதும் பின்வாசலில் போய் நின்று, கையில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு, ஸமீனா சொல்லிக்கொடுத்த ராகத்தில் தொடங்குவாள்.

"மர்ஹூம் ஆதம்பாவா அவர்களின் மூத்த மகனும், நூர்ஜஹான் அவர்களின் அன்புக் கணவருமான மீராலெப்பை போடியார் அவர்கள்..."

அங்கே நிறுத்திவிடுவாள். மாமாவுக்குக் காதில் விழாவிட்டாலும் அகப்பையைக் கண்டாலே விளங்கிவிடும். மாட்டுக்கொட்டில் பக்கமிருந்து மாமாவின் சத்தம் வரும்.

"முடிச்சுச் சொல்லு மகள்! அல்லாஹ்வுக்காக முடிச்சுச் சொல்லு!"