தலைவர் ஓட்டும் மஞ்சள் வண்டி

அந்த மஞ்சள் வண்டியை நான் ஓட்டியே தீருவது என்று முடிவு பண்ணிவிட்டேன். எனக்கு அறுபத்து மூன்று வயது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கச் சோளவிதை விற்று ரிடையர் ஆனவன். வேறு ஆசையே கிடையாது, சத்தியமாக!

எங்கள் ஊர் விமான நிலையம் சின்னது. ஒரே ஓடுபாதை, இரண்டு பக்கமும் சோளக்காடு. அதை மேற்பார்வை பார்ப்பது ஊர்க்காரர்கள் மூன்று பேர் கொண்ட குழு. சம்பளம் கிடையாது. ஆனால் தலைவருக்கு வண்டி உண்டு! தினமும் காலையில், கூரையில் மஞ்சள் விளக்கு சுழல, ஓடுபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சீறிப் போய் மான்களை விரட்ட வேண்டும். நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது.

பழைய தலைவர் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். குழுவில் மீதி நானும் பக்கத்து வீட்டு எல்டனும். எல்டனுக்கும் வண்டி மேல் ஒரு கண். ஆளுக்கு ஒரு ஓட்டு. காலி இடத்துக்கு வருகிறவர் கையில்தான் என் வாழ்க்கை. மேயரைப் பிடித்து, அந்த இடத்தில் என் மனைவி ட்வைலாவைப் போட வைத்தேன். வீட்டிலேயே மெஜாரிட்டி! என்ன மூளை எனக்கு!

அன்று சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ட்வைலா, தலைவர் தேர்தல் வருதில்ல, நீ வந்து..."

"நிறுத்து மெர்ல்."

"இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

"சொல்லக் கூடாது. மூணு பேர்ல ரெண்டு பேர் உட்கார்ந்து நிலையத்தைப் பத்திப் பேசினா அது கூட்டம். ஊருக்குச் சொல்லாமப் பேசினா ரகசியக் கூட்டம். சட்டப்படி தப்பு."

"அடிப்பாவி, நாம புருஷன் பொண்டாட்டி!"

"அதுக்கெல்லாம் விலக்கு இல்ல. விதிப் புத்தகத்தை முழுசாப் படிச்சுட்டேன்."

நான் அதன் அட்டையைக்கூடப் பிரித்ததில்லை. நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். ஜாடை காட்டினேன், "கண்ணுல தூசியா?" என்றாள். முட்டைப் பொரியல் மேல் கெட்சப்பால் என் பெயரை எழுதி நீட்டினேன். எழுத்தோடு சேர்த்துத் தின்றுவிட்டாள்.

"சரி தாயே, எப்படித்தான் பேசறது?"

"ஒரு நாள் முன்னாடி நோட்டீஸ் ஒட்டணும். யார் வந்தாலும் உள்ள விடணும். அவ்வளவுதான்."

"ஒட்டிட்டாப் போச்சு! நம்ம சமையலறைக்கு எவன் வரப்போறான்?"

"நோட்டீஸை நானே எழுதி ஒட்டறேன். உன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும்."

என்ன கரிசனம் என்று உருகிப்போனேன்.

மறுநாள் மாலை ஆறு மணி. கதவைத் திறந்தால் பதினாறு பேர்! முன்னால் எல்டன்.

"என்னப்பா இது?"

"சூடா சில்லி சூப்பும், பட்டை போட்ட இனிப்பு சினமன் ரோலும் உண்டுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே மெர்ல். வராம இருப்போமா?"

எல்லாரும் சாப்பிட்டார்கள். ட்வைலா கரண்டியால் மேசையைத் தட்டினாள்.

"உறுப்பினர் மூணு பேரும் இருக்கோம். ஊரும் இருக்கு. நோட்டீஸ்ல சொன்னபடி தலைவர் தேர்தலை முடிச்சிடலாம்."

"தேர்தலா! பேசத்தானே கூட்டம்?"

"நோட்டீஸைப் படிக்கலையா நீ?"

படிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எல்டன் வாய் நிறைய ரோலோடு கையைத் தூக்கினான்.

"ட்வைலாவுக்கே என் ஓட்டு."

"டேய், உனக்கு வண்டி வேணாமா?"

"வேணும்தான். ஆனா இவங்க ஜெயிச்சா மாசா மாசம் கூட்டம் இந்தச் சமையலறையிலதானாமே!"

ட்வைலாவும் கையைத் தூக்கினாள். இரண்டு ஓட்டு. பதினைந்து பேர் கைதட்டினார்கள். பழைய தலைவர் விட்டுப்போன வண்டிச் சாவி அவள் ஏப்ரன் பைக்குள் போவதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு கெஞ்சினேன். "ட்வைலா, ஒரே ஒரு தடவை, பாதி ஓடுபாதை வரைக்கும் ஓட்டிக்கறேனே!"

"அது நிலைய விவகாரம், மெர்ல். நோட்டீஸ் இல்லாமப் பேசக் கூடாது." தொட்டி நிறையக் குவிந்திருந்த தட்டுகளைக் காட்டினாள். "இது வீட்டு விவகாரம். இதைப் பத்தி எவ்வளவு வேணா பேசலாம், கழுவிக்கிட்டே பேசு."