காயலான் கடைக்கு ஓர் இன்ஜின்

வாலாஜாபாத்,
ஆயுத பூஜை, 1991

அன்புள்ள மச்சான் சுப்பராயனுக்கு, உன் அக்காள் புருஷன் கோதண்டம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே நீயாவது நலமாக இரு. உன் அக்காள் அம்சவல்லி அப்படியேதான் கிடக்கிறாள். வாதம் வந்து எட்டு மாதமாகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. என்னையும் சுவரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறாள்.

விஷயம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை உன் காயலான் கடை லாரியையும் கேஸ் கட்டரையும் எடுத்துக்கொண்டு வந்து என் இன்ஜினை வெட்டிக்கொண்டு போ. ஆமாம், செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே பத்தொன்பது வருஷம் நான் ஓட்டினேனே, அதே கரி இன்ஜின்தான். ரயில்வே கழித்துப் போட்டதை, ஒரகடம் சாலையில் பம்ப் கம்பெனி வைத்திருக்கும் யதிராஜ் ஏலத்தில் எடுத்து வாசலில் நிறுத்தி, "புதுசாட்டம் ஆக்கிக் குடுங்க" என்றார். நானும் நாலு மாசம் துருவைச் சுரண்டி, புகைப்பெட்டியில் குடியிருந்த சாரைப்பாம்பைக் காலி பண்ண வைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். இன்றைக்குப் பூஜை, ஜப்பான்காரர்கள் நாலு பேர் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள், இன்ஜின் கூவியே ஆக வேண்டும் என்றார். நீராவிக்கு எங்கே போவது? கம்ப்ரஸர் காற்றை விசிலுக்குக் கொடுத்தேன். சர்வீஸில் ஊர் நெருங்கும்போது, உன் அக்காள் உலை வைக்கட்டும் என்று நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று ஊதுவேனே, பழக்க தோஷம், அப்படியே ஊதித் தொலைத்தேன். மூன்றாவது ஊதலில் வால்வு ஸ்பிரிங் ஒடிந்து, விசில் நிற்க மாட்டேன் என்றது. அரை மைல் தள்ளி கேட்கீப்பர் கன்னியப்பன் அதைக் கேட்டு ரயில்வே கேட்டை மூடிவிட்டான்! ஜப்பான்காரர்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம். வராத ரயிலுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்து, மாலைகூட வாங்காமல் திரும்பிப் போய்விட்டார்கள். "நீ கூவினா நான் கேட்டை மூடாம வேற இன்னா பண்றது அண்ணே? இத்தினி வருசமா அதைத்தானே பண்ணிக்கினு கீறேன்!" என்று கன்னியப்பன் என்மேலேயே பாய்கிறான். யதிராஜ் சொன்னது ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தச் சனியன் இங்க இருக்கக் கூடாது."

எனக்கும் வெறுத்துப் போச்சு மச்சான். இரும்புக்காக அழுது என்ன ஆகப் போகிறது? நீ வெட்டும்போது நான் அங்கே நிற்க மாட்டேன், அவ்வளவுதான்.

உன் வீட்டில் செங்கமலத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. எல்லாரும் என்னை மாதிரி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
கோதண்டம்

பி.கு.: லாரி வேண்டாம், கட்டரும் வேண்டாம், மேலே எழுதினதை மறந்துவிடு. உன் அக்காளைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தம்மா இப்போதுதான் சொல்கிறாள்: காலையில் விசில் கேட்டதும் அம்சவல்லி தலையைத் தூக்கி, "அவரு வந்துகினு கீறாரு, உலைய வையுடி" என்றாளாம்! உள்ளே ஓடினேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாருய்யா நீ? அவரு வர்ற நேரம், நகரு" என்கிறாள். யதிராஜ் காலில் விழுந்தாவது இன்ஜினைக் காப்பாற்றிவிடுகிறேன். உன் கடையில் விசில் வால்வுக்கு ஸ்பிரிங் ஏதாவது கிடந்தால் எடுத்துக்கொண்டு ஓடி வா. மறுபடி ஊதிவிட்டு, நேரே வீட்டுக்கு வந்து அவள் எதிரில் நிற்க வேண்டும்.