வெள்ளிக்கிழமை டிஸ்க்

அன்று ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: மேனேஜர். டிராயிங் போடும் மேரி. கம்ப்யூட்டர் பார்க்கும் டப்பா சார். டீ கொண்டு போன நான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் டப்பா சாரைப் போல எதையும் நம்பாத ஆள் கிடைக்கமாட்டார். சட்டைப் பையில் மூன்று பேனா. குடை வீட்டில் ஒன்று, கம்பெனியில் ஒன்று, பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒன்று. கண்ணாடி இரண்டு. தொலைந்ததைத் தேட இரண்டாவது.

கம்ப்யூட்டரில் உள்ள டிராயிங்குகளை எப்படிக் காப்பி எடுத்து வைப்பது என்று பேச்சு. எங்களுடையது பிளாஸ்டிக் வார்க்கும் இரும்பு அச்சுகள் செய்யும் கம்பெனி. டிராயிங் போனால் வேலை இல்லை.

"ஒரே டிஸ்க்கு போதும்யா. தெனம் அது மேலயே எழுது," என்றார் மேனேஜர்.

"இன்னிக்கு ஃபைலு கெட்டுப்போனா காப்பியும் கெட்டதுதான் சார். பழசு ஒண்ணு வோணும்."

டப்பா சார் ஏழு டிஸ்க் கேட்டார். மற்ற நாளுக்கு ஐந்து. வாராவாரம் அதன் மேலேயே எழுதலாம். வெள்ளிக்கு மட்டும் இரண்டு. அதில் ஒன்று எப்போதும் கம்பெனிக்கு வெளியே.

"வெளில எங்க?"

டப்பா சார் என்னைப் பார்த்தார். "இவரு ஆரணி, நம்ம ஜில்லா ஆரணி. இங்க நெருப்பு புடிச்சா அங்க புடிக்காது."

வெள்ளி சாயந்திரம் புதுக் காப்பியைத் துண்டில் சுற்றி டிபன் டப்பாவில் தருவார். அவருக்கு அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. சனி காலை வீட்டில் இருக்கும் பழையதை நான் கொண்டு வர வேண்டும்.

"மடிலயே வச்சுக்கப்பா. கீழ வைக்காத."

ஷேர் ஆட்டோவில் கேட்பார்கள். "இன்னா நைனா, பிரியாணியா? தொற."

வீட்டில் மனைவி திறந்து பார்த்தாள். "இன்னாய்யா இது, சோத்து டப்பால செங்கல்லு?"

மூன்றாவது வாரமே பேஜாராகிவிட்டது. இரண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி. மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் வேறு: வெள்ளி 1, வெள்ளி 2. சாயந்திரம் தந்ததைக் கம்பெனியில் என் லாக்கரிலேயே வைத்துவிட்டேன். வீட்டு டிஸ்க்கின் ஸ்டிக்கரை மட்டும் உரித்துச் சட்டைப் பையில் கொண்டு வந்தேன். லாக்கர் டிஸ்க்கில் இருந்ததை உரித்துவிட்டு இதை ஒட்டிக் கொடுத்தேன். பிறகு வாராவாரம் அதே டிஸ்க். ஸ்டிக்கர் மட்டும் மாறும். அவர் நோட்டில் டிக் அடிப்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு ஒயர் தீப்பிடித்தது. ஆபீஸ் அறை, கம்ப்யூட்டர், அங்கிருந்த டிஸ்க்குகள், லாக்கர் வரிசை, எல்லாம் போனது.

"பயப்படாதீங்க சார். ஆரணில ஒண்ணு கீது," என்றார் டப்பா சார். முகத்தில் அவ்வளவு பெருமை.

வீட்டு டிஸ்க்கைக் கொண்டு வந்தேன். போட்டுப் பார்த்தார்கள். இரண்டு மாதப் பழசு.

"இதுக்காய்யா ஏழு டிஸ்க்கு?" மேனேஜர் கத்தினார்.

டப்பா சார் டிஸ்க்கைத் திருப்பினார். ஸ்டிக்கர் இல்லை. இருந்த இடத்தில் பசை. கட்டைவிரலால் தேய்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சரியா பாக்கல சார்," என்றார்.

கம்ப்யூட்டர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். இப்போது போல்ட் எடுத்துக் கொடுக்கிறார். மேரி இரண்டு மாத டிராயிங்கை மறுபடி போட்டாள்; காப்பி எடுப்பதும் அவள் வேலையானது. ஸ்டிக்கரை மாற்றியது நான் என்று மேனேஜருக்கு இதைப் படித்தால்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து ஸ்டோருக்கு டீ கொண்டு போனேன். "சார், அந்த ஸ்டிக்கரு..."

"தெரியும்பா. இப்ப மேரி தர்றத ஒழுங்கா எடுத்துக்கினு போறியா?"

"போறேன் சார்."

"டப்பா எத்தினி கீது?"

"ஒண்ணு."

தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். "இன்னொண்ணு வச்சுக்க."

அன்று முதல் மடியில் வைத்து எடுத்துப் போன வெள்ளிக்கிழமைகள்: நூற்றிரண்டு.