லாபியில் நாலடிக்கு நாலடி

"அங்க என்ன வெக்கப் போறீங்க?" என்று கேட்டார் குடியிருப்புச் செயலாளர்.

"ஒண்ணும் வெக்கப் போறதில்ல சார்," என்றாள் மூன்றாம் மாடி மருமகள்.

"அப்புறம் எதுக்கு இடம்?"

"ஒண்ணும் வெக்காம இருக்கத்தான்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மனுவை மறுபடி முதலிலிருந்து படித்தார். நாற்பத்தெட்டு வீடுகளில் அவள் கணவனுடைய மதத்துக்காரர்கள் ஒரே வீடுதான். மற்ற நாற்பத்தேழு வீட்டாரும் தங்கள் பண்டிகை வந்தால் லாபியை ஒரு மாதத்துக்குக் காகிதப் பூவும் மின்விளக்குமாக அடைத்துவிடுவார்கள். தபால் பெட்டியைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவள் தங்கள் பண்டிகைக்குக் கேட்பதோ ஏழே நாள், தெருவாசலைப் பார்த்த மூலையில், நாலடிக்கு நாலடி வெற்றிடம். கொடுத்தால் சிரிப்பார்கள், மறுத்தால் திட்டுவார்கள். சிரிப்பே பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் அந்த மதத்தில் பிறந்தவள் இல்லை. காதலித்துக் கட்டிக்கொண்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. "அவளுக்கு நம்ம வழக்கமெல்லாம் எங்க தெரியப் போகுது" என்று நாத்தனார் வந்திருந்தபோது லாபியில் யாரிடமோ சொன்னது அன்று சாயங்காலமே இவள் காதுக்கு வந்துவிட்டது. அந்த மாதிரிப் பேச்சுக்கு மட்டும் லிஃப்ட் எப்போதும் வேலை செய்யும். அன்றிலிருந்து மாமியார் போனில் எதை ஆரம்பித்தாலும் "தெரியும் அத்தை" என்று முடித்து வைப்பாள்.

இதற்கும் அப்படித்தான். "தெருவைப் பார்த்த மூலையா பார்த்து ஏழு நாள் காலியா விடும்மா. எதுக்குன்னா..." என்று மாமியார் இழுத்ததுமே, "தெரியும் அத்தை" என்றாள். கணவனைக் கேட்டதில் பிரயோஜனமில்லை. சின்ன வயதில் அந்த ஏழு நாளும் வீடு ஒரே கும்பலாக இருக்கும், தான் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன் என்று மட்டும் சொன்னான். மூன்றாம் மாடியில் இவர்கள் வீட்டு வாசலோ எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தது. அதனால்தான் லாபி. ஏழாம் நாள் புகுந்த வீட்டார் மொத்தமும் வந்து பார்க்கப் போகிறார்கள். அந்த மூலையில் ஒரு தூசு கிடந்தாலும் நாத்தனார் ஜெயித்துவிடுவாள்.

முதல் நாள் பார்சல்காரர் பதினோரு பெட்டிகளை அங்கே அடுக்கிவிட்டுப் போனார். காலி இடத்தைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பெட்டிகளை மாடி மாடியாக அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சாக்பீஸால் கட்டம் போட்டாள்.

கட்டத்தைப் பார்த்ததும் குழந்தைகள் நொண்டியடிக்க வந்துவிட்டார்கள். துரத்தினாள். முதல் மாடி அம்மாக்கள் இரண்டு பேர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நாலு மூலைக்கும் ஸ்டூல் போட்டுக் கயிறு கட்டினாள். நடைப்பயிற்சி முடித்து வந்தவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, கயிற்றில் துண்டைக் காயப்போட்டார்கள்.

வாட்ச்மேன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, கயிறும் ஸ்டூலும் இருந்தா அது எப்படிம்மா காலி?"

நியாயமான கேள்வி. அதனாலேயே அவளுக்குக் கோபம் வந்தது. கயிற்றை அவிழ்த்து ஸ்டூல்களையும் எடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் செயலாளர் தம் பங்குக்குச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'இங்கே எதுவும் இல்லை. தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள்.' அவ்வளவுதான், பக்கத்துக் குடியிருப்பிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். என்ன காணாமல் போனது என்று சிலர் விசாரித்தார்கள். யார் மேல் சந்தேகம் என்று ஒரு அம்மாள் வாட்ச்மேனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

ஐந்தாம் நாள் ஆபீசுக்கு லீவு போட்டாள். கோட்டுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு, மடியில் தட்டும் கத்தியும் வெங்காயமுமாக உட்கார்ந்துவிட்டாள். இனி யார் வருகிறார்கள் பார்ப்போம்.

வரத்தான் செய்தார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டே நிமிஷம் உக்காந்துக்கிறேம்மா" என்றார். படிக்கட்டைக் காட்டினாள். புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி, வீட்டுச் சாவி வரும்வரை தூங்கும் குழந்தையைப் படுக்கவைக்க இடம் தேடினாள். கார் நிறுத்துமிடத்துப் பெஞ்சைக் காட்டினாள். கட்டடம் மாறி வந்த பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க நின்று, இது யார் வீட்டு இடம் என்று கேட்டார்.

"எங்க பண்டிகை இடம். இங்க யாரும் உக்காரக் கூடாதுங்க," என்றாள்.

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்.

ஆறாம் நாள் கரண்ட் போய், ஐந்து மாடி இறங்கி வந்த செயலாளருக்குத் தலை சுற்றியது. சரியாக அந்த மூலைச் சுவரில்தான் சாய்ந்தார். சரிந்து உட்காருவதற்குள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே விட்டாள். அதற்கப்புறம்தான் தண்ணீர் கொடுத்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம் வேன் வந்து நின்றது. எட்டு பேர் இறங்கினார்கள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் பெரிய பாத்திரங்கள் நாலு இறங்கின. அடுக்கடுக்காகத் தட்டுகள் இறங்கின. இந்த எட்டுப் பேருக்கா இவ்வளவு சாப்பாடு என்று வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூலை கண்ணாடி மாதிரி பளபளத்தது. காலையில் மூன்று தடவை துடைத்திருந்தாள். அவள் நிமிர்ந்து நின்று, நாத்தனாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏழு நாளும் ஒரு ஈயைக்கூட அண்ட விடல அத்தை."

மாமியார் மூலையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து மருமகளிடம் பத்து வார்த்தை பேசியிராத மாமனார், கையிலிருந்த தட்டுகளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, லாபியைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"காலியா விடறதே வழியில வர்றவங்க யாராவது வந்து உக்காரத்தானேம்மா. உக்காந்தவங்களுக்குத்தான் இன்னிக்கு இந்த விருந்து. எங்க, அவங்களையெல்லாம் கூப்பிடு."