சனீஸ்வரனும் மெர்லோ திராட்சையும்

காகமே இல்லாத ஊருக்குக் குடிபெயரும் சைவர்கள் சனீஸ்வரனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது. நான் சொல்லாமல் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நகரின் ஓரத்தில், கிளென் ஈடனில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளியிருந்த திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தேன். அறுவடை நெருங்கும் நாட்களில் தகர டின்னைத் தட்டிப் பறவைகளை விரட்ட வேண்டும். (யாழ்ப்பாணத்தில் நான் கணக்கு வாத்தியார். சிரிக்க வேண்டாம்.) முதலாளி இவான் நற்சான்றுக் கடிதம் தந்தால்தான் ஊரிலிருந்த மனைவிக்கு விசா கிடைக்கும்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் கடிதம் வந்தது. "உங்களுக்கு ஏழரைச் சனி தொடங்கீட்டுது. சனிக்கிழமையில காகத்துக்கு எள்ளுச்சோறு வைக்காமச் சாப்பிடாதேங்கோ. இல்லாட்டி விசா வராது."

காகத்துக்கு எங்கே போவது? தோட்ட வேலியில் மஞ்சள் சொண்டோடு ஒரு கரும்பறவை உட்கார்ந்திருந்தது. கறுப்பாக இருக்கிறது, பறக்கிறது. சனீஸ்வரன் சொண்டையா பார்க்கப்போகிறார்? வேலித்தூணில் சோற்றை வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டும் விட்டேன்.

முதல் சனிக்கிழமை ஒன்று வந்தது. மூன்றாம் சனிக்கிழமை அதன் சொந்தபந்தம் முழுவதும் வந்தது. சோறு முடிந்ததும், இவானின் தோட்டத்தில் முதன்முறையாகக் காய்த்திருந்த மெர்லோ என்ற கருந்திராட்சைக் கொடிகளில் பந்தி தொடர்ந்தது. பதறிப்போய் டின்னைத் தட்டினேன். சாப்பாட்டு மணி என்று நினைத்திருக்க வேண்டும், இன்னும் நாலு வந்தன.

இவான் வந்து பார்த்தபோது பாதி வரிசையில் காம்புதான் மிச்சம். விசா போயிற்று என்றே நினைத்தேன். சனீஸ்வரன், எள்ளுச்சோறு, மனைவியின் கடிதம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் ஒரு வெறுங்காம்பைக் கிள்ளிக் கையில் எடுத்தார். "மெர்லோ என்ற பெயர் எப்படி வந்தது, தெரியுமா?" என்றார். "பிரெஞ்சில் மெர்ல் என்றால் இந்தப் பறவைதான். பழத்துக்கு இதன் நிறம் என்பதால் வந்த பெயர் என்பார்கள் சிலர். இது இந்தப் பழத்துக்கு உயிரை விடும், அதனால்தான் என்பார்கள் மற்றவர்கள். எனக்கு இன்றைக்குச் சந்தேகம் தீர்ந்தது." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

கடிதமும் தந்தார், மகராசன். அதன் கடைசி வரி: "இவர் பறவைகளிடம் அளவு கடந்த அன்புள்ளவர்." சில மாதங்களில் மனைவி வந்து இறங்கினாள். எல்லாம் எள்ளுச்சோற்றின் வேலை என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

இப்போதும் சனிக்கிழமைகளில் எங்கள் வேலியில் கரும்பறவை வந்து உட்கார்ந்தால் மகள் கத்துவாள்: "அப்பா, யுவர் இமிக்ரேஷன் ஆபிசர் இஸ் ஹியர்!"

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வரும்: "ஓம், முதல்ல அவருக்கு வையுங்கோ. நீங்கள் பிறகு சாப்பிடலாம்."